நிலத்தைப் பிடித்தால் பூட்டன் கிடைப்பார்

19-ம் நூற்றாண்டின் தமிழ்க் கிராமத்தில் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் வந்ததே 1899-ல்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-ல் தொடங்கியது என்றாலும், வீடு வீடாக எழுதிய தாள்களை யாரும் பாதுகாக்கவில்லை. கூட்டிப்போட்ட தொகைகள் மட்டுமே அச்சில் நிற்கின்றன. ஆகவே பெயரை வைத்துக்கொண்டு பூட்டனைத் தேடுகிறவர்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோகிறார்கள்.

அன்றைய அரசுக்கு மனிதர்களைவிட நிலமே முக்கியம். எந்த வயல், எவ்வளவு விஸ்தீரணம், என்ன தீர்வை (நிலவரி), யார் கட்டுகிறார் என்பதை வருஷம் தவறாமல் எழுதிவைத்தது. தீர்வை கட்டியவர் என்ற அளவில்தான் உங்கள் முன்னோர் காகிதத்தில் ஏறினார். அதனால் தேடலைத் தலைகீழாக நடத்த வேண்டும்: முதலில் நிலம், அதன் வழியாக ஆள், ஆளின் வழியாகக் குடும்பம். நிலமே இல்லாத குடும்பங்களுக்கு வழி வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

1980-ஐ ஒட்டிப் பிறந்தவருக்கு, தலைமுறைக்கு முப்பது வருஷம் என்று வைத்தால், பாட்டன் 1920 வாக்கிலும் பூட்டன் 1890 வாக்கிலும் ஓட்டன் 1860 வாக்கிலும் பிறந்திருப்பார்கள். 19-ம் நூற்றாண்டில் குடும்பம் நடத்தியவர் பெரும்பாலும் ஓட்டன்தான். அவர் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நான்கு விஷயங்கள் வயதானவர்களிடம் எப்படியும் இருக்கும்: குலதெய்வம் எது, பங்காளிகள் யார் யார், பூர்வீக ஊர் எது, முதல் பாகப்பிரிவினை யார் யாருக்குள் நடந்தது.

பூர்வீக ஊர் என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் குக்கிராமத்தின் பெயர். பதிவேடுகள் அந்தப் பெயரில் இருக்காது. ஐந்தாறு குக்கிராமங்கள் சேர்ந்த வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் எல்லாம் இருக்கும். இதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆவணக் காப்பகம் போவது வீண் அலைச்சல்.

ஜில்லாவையும் அன்றைய எல்லைப்படி தேட வேண்டும். ஈரோடும் தாராபுரமும் கரூரும் அன்று கோயம்புத்தூர் ஜில்லா. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம். திண்டுக்கல்லும் பெரியகுளமும் மதுரை. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரை திருநெல்வேலி. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம், ஆகவே அந்தக் கச்சேரிகளின் காகிதத்தைத்தான் தேட வேண்டும். புதுக்கோட்டை தனி சமஸ்தானம்.

சாதிப் பெயரும் அப்படியே. அன்று எழுதிய பெயர் வேறு, இன்று சொல்லும் பெயர் வேறு. நாடார் என்ற பெயரை அரசு அதிகாரப்பூர்வமாக ஏற்றது 1921-ல். அதற்கு முந்தைய ஆவணத்தில் நாடார் என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அன்றைய எழுத்தர் எழுதிய பெயர் இன்று காதுக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனாலும் அதைத்தான் தேட வேண்டும்.

பட்டாவிலிருந்து பின்னோக்கி

இன்றைய பட்டாவில் இருக்கும் சர்வே எண்ணிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினாலும் நூல் அறுந்துவிடும்.

முதல் படி, 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்வது இதைத்தான். அதன் அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணும் புதிய உட்பிரிவு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அந்தப் பழைய எண்ணை எடுத்துக்கொண்டு மறு நிலவரித் திட்டப் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் பெயர் பெரும்பாலும் பூட்டனுடையது. அதற்கும் முந்தையது முதல் நிலவரித் திட்டப் பதிவேடு. 1858-ல் சர்வே தொடங்கி, ஜில்லா ஜில்லாவாக நடந்தது. திருச்சிராப்பள்ளியில் 1860களிலேயே வந்துவிட்டது, தஞ்சாவூருக்கு 1890களில்தான் வந்தது. ஓட்டனின் பெயர் இங்கேதான் கிடைக்கும். இந்தப் பதிவேட்டில் பழைய பைமாஷ் எண்ணுக்கும் ஒரு கலம் (பத்தி) உண்டு. சங்கிலி போட்டு அளக்கும் முறை வருவதற்கு முன், நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலால் அளந்து கொடுத்த எண் அது. பைமாஷ் கணக்கு பிழைத்திருக்கும் ஊர்களில் ஓட்டனின் அப்பாவையும் தொடலாம்.

இவை தாலுகா அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறை, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆவணக் காப்பகம் 1909-ல் ஏற்பட்டது. தாலுகா அலுவலகத்தில் "இல்லை" என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுத்தில் கேளுங்கள்; கிராமத்தின் பெயர், சர்வே எண், எந்தப் பதிவேடு என்று மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால்தான் ஒழுங்கான பதில் வரும். "என் மூதாதையர் பற்றிய விவரம்" என்று கேட்டால் எதுவும் வராது. இன்னொரு இடமும் உண்டு. பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியம் (ஊர்த் தலைவர்) பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் கணக்குகளும் அரசிடம் போய்ச் சேரவில்லை. பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் நூறு வருஷத்துச் சிட்டாவும் அடங்கலும் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களிடம் மரியாதையோடு போய்க் கேட்பது பல சமயம் மூன்று அலுவலகங்களுக்கும் அலைவதைவிடப் பலன் தரும்.

பட்டாவில் பெயர் இருப்பதால் அந்த மனிதர் அந்த வருஷம் உயிரோடு இருந்தார் என்று முடிவு கட்டக் கூடாது. பெயர் மாற்றம் செய்யாமலே இருபது முப்பது வருஷம் கிஸ்து (தீர்வைத் தவணை) கட்டிவந்த குடும்பங்கள் ஏராளம். இன்னொன்று, கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பெயரில் மட்டும் பட்டா இருக்கும். கூடவே உழுத மூன்று தம்பிகள் எங்கேயும் தெரியமாட்டார்கள். "வகையறா" என்று ஒரு சொல் பெயருக்குப் பின்னால் வந்தால் நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது.

இந்த வழி ரயத்துவாரி ஊர்களுக்கு, அதாவது குடியானவரே அரசுக்கு நேராகத் தீர்வை கட்டிய ஊர்களுக்கு. ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன் பகுதிகளில் குடியானவருக்கும் அரசுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. அங்கே ஜமீன் கொடுத்த பட்டா, அதற்கு ஈடாகக் குடியானவர் எழுதிக்கொடுத்த முச்சலிக்கை இரண்டும்தான் சாட்சி. 1865-ன் சட்டம் இவற்றைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்றது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்த பிறகே இந்த ஊர்கள் அரசுப் பதிவேட்டுக்குள் முழுதாக வந்தன. அதற்கு முந்தைய காலத்துக்கு ஜமீன் கச்சேரிக் காகிதங்களைத் தேட வேண்டும்.

இனாம் நிலம், அதாவது மானிய நிலம் இருந்த குடும்பங்கள் கொடுத்துவைத்தவர்கள். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன், ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து 1860களில் பதிவேடு எழுதியது. முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு என்ன வயது, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்று கலம் கலமாக இருக்கும். பெரிய மனிதர்களின் மானியம் மட்டும் இதில் இல்லை. கோவில் பூசாரி, ஊர்க் குயவர், நாவிதர், வண்ணார், தச்சர், நீர் பாய்ச்சுகிறவர் என ஊழிய மானியம் பெற்ற எல்லோருமே ஏறியிருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தொழில் உழவாக இல்லாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

ஒரு கிரயப் பத்திரத்தை எப்படிப் படிப்பது

பட்டாவில் கிடைப்பது ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் குடும்பத்தைப் பத்திரம்தான் சொல்லும். பத்திரப் பதிவு 1865 ஜனவரி 1 முதல் நடக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நில விற்பனையைப் பதிய வேண்டும் என்பது விதி. சார் பதிவாளர் அலுவலகத்து 1-ம் புத்தகத்தில் ஒவ்வொரு பத்திரத்தின் நகலும் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னால் போகாது. அதற்கு முந்தையதைக் கையால் தேடச் சொல்லி மனுப்போட வேண்டும். பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று என இரண்டு உண்டு; சொத்து அட்டவணை வழியாகத் தேடுங்கள். பெயர் அட்டவணையில் ஒரே ஊரில் பத்துக் கருப்பண்ணன் இருப்பார்கள். அலுவலக எல்லையும் மாறியிருக்கும்: உங்கள் ஊருக்கு இன்று இருக்கும் அலுவலகம் 1920-ல் திறந்ததாக இருந்தால், பழைய புத்தகங்கள் அதன் தாய் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவாளரிடமோ இருக்கும்.

பத்திரத்தின் தொடக்கம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர், இன்ன ஜாதி, சிவமதம் அல்லது விஷ்ணுமதம், உழவு ஜீவனம், இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்த நிலக்கிரய சாசனம் என்னவென்றால். இந்த ஒரு வாக்கியத்தில் அப்பா பெயரும் ஊரும் தொழிலும் கிடைத்துவிடுகின்றன. அடுத்து, எதற்காக விற்கிறார் என்று இருக்கும். மகள் கல்யாணச் செலவு, தகப்பனார் வாங்கிய கடன், சர்க்கார் கிஸ்துப் பாக்கி, மாடு வாங்க. குடும்பத்தின் அந்த வருஷத்து நிலைமையை இந்த வரி சொல்லிவிடும். "என் தகப்பனார் கடனுக்காக" என்று எழுதியிருந்தால் அப்பா அதற்குள் காலமாகிவிட்டார் என்று ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு வருவது செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. அவசரத்தில் படிப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். "இன்னார் நிலத்துக்கு மேற்கு" என்று இருந்தால் அந்த இன்னார் மேற்கே இல்லை, கிழக்கே இருக்கிறார். விற்கப்படும் நிலம்தான் அவருக்கு மேற்கே இருக்கிறது. நான்கு எல்லையிலும் வரும் பெயர்களைத் தனியாக எழுதிவையுங்கள். பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் பக்கத்துப் பக்கத்து வயலில் இருப்பார்கள் என்பதால், எல்லைக்காரர்களில் ஒருவராவது பங்காளியாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டாவில் காணாமல் போன தம்பிகளை இப்படித்தான் மீட்க முடியும்.

எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் சொல்வதாகத் தோன்றுவது கிணற்றுப் பாகம். "மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், நாலு நாளைக்கு ஒருநாள் கவலை (மாடு பூட்டி நீர்) இறைக்கிற பாத்தியமும்" என்று ஒரு பத்திரத்தில் இருந்தால், கிணறு வெட்டியவருக்கு நான்கு வாரிசுகள் இருந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் கழித்து அதே கிணறு "பன்னிரண்டில் ஒரு பாகம்" என்று வந்தால், அந்த நால்வரில் ஒருவருக்கு மூன்று மகன்கள் பாகம் வாங்கியிருக்கிறார்கள். நிலத்தை விற்கலாம், வாங்கலாம், பரிவர்த்தனை செய்துகொள்ளலாம். அதனால் நிலத்தின் அளவை மட்டும் வைத்து வம்சத்தைக் கணக்கிட முடியாது. கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது என்பதால் அதன் பின்னம் மட்டும் தலைமுறை தலைமுறையாக அப்படியே இறங்கி வரும். யாராவது ஒரு பங்காளியின் பங்கை இன்னொருவர் விலைக்கு வாங்கியிருந்தால் கணக்கு பிசகும். ஆகவே எல்லாப் பங்குகளையும் கூட்டி ஒன்று வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தேதியும் அளவும் எண்ணும் தனிப் பாடம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி, ௹ ரூபாய். பழைய எண்கள் எழுத்தைப்போலவே இருக்கும்: ௧ க-வாகவும், ௨ உ-வாகவும், ௪ ச-வாகவும், ௭ எ-வாகவும், ௮ அ-வாகவும் தோன்றும். 1876 என்பதை ௲௮௱௭௰௬ என்று எழுதுவார்கள். ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. குறிலும் நெடிலுமான எகர ஒகரங்கள் ஒன்றாகவே இருக்கும். ஒரே கையெழுத்தில் தெரிந்த சொற்களை முதலில் படித்து, அந்த எழுத்தரின் பழக்கம் பிடிபட்ட பிறகு பெயர்களுக்குப் போவது நல்லது.

வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். தாது என்று மட்டும் இருந்தால் 1816-ஆ 1876-ஆ என்று தெரியாது. கூடவே வேறு ஆண்டு இருக்கிறதா பாருங்கள். வருவாய்க் காகிதமானால் பசலி இருக்கும். ஜூலையில் தொடங்கும் பசலி வருஷத்தோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு. தெற்கே போனால் ஆவணியில் தொடங்கும் கொல்லம் ஆண்டு. 825 கூட்ட வேண்டும், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையானால் 824. தாது வருஷம் தை மாதம், பசலி 1286, கொல்லம் 1052 மூன்றும் குறிப்பது 1877 ஜனவரியைத்தான். தாது 1876-ல் சித்திரையில் பிறந்தது, ஆனால் அதன் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். இந்த ஒரு வருஷப் பிசகு பல குடும்ப வரலாறுகளில் இருக்கிறது.

அளவைகளில் காணி மிகவும் ஏமாற்றும். செங்கல்பட்டுப் பக்கம் 100 குழி ஒரு காணி. குழி என்பது 24 அடிக்கு 24 அடி. ஆக ஒரு காணி 57,600 சதுர அடி, 1 ஏக்கர் 32 சென்ட். தஞ்சையில் குழி 12 அடிக்கு 12 அடி. 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். அங்கே காணி என்றால் வேலியில் எண்பதில் ஒரு பங்கு, எட்டு சென்ட் சொச்சம். "இரண்டு காணி வைத்திருந்தார்" என்ற வீட்டுப் பேச்சு ஜில்லாவைப் பொறுத்துப் பதினேழு சென்டும் ஆகலாம், இரண்டரை ஏக்கருக்கு மேலும் ஆகலாம். தெற்கே கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று விதையளவால் சொல்வார்கள். அதை ஏக்கராக்கும் முன் அதே சர்வே எண்ணை நிலவரித் திட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அந்த ஊர்க் கணக்கைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் எங்கே

பட்டாவில் பெண் பெயர் அபூர்வம். ஆனால் பத்திரத்தில் இருக்கிறார்கள். கணவர் இளவயதில் இறந்து பிள்ளைகள் மைனராக இருந்தால், தாயார் கார்டியனாக நின்று எழுதிக்கொடுப்பார். "மைனர்களான எங்கள் குமாரர்கள் இன்னாருக்கு வயது 9, இன்னாருக்கு வயது 6" என்று வயதோடு வரும். 19-ம் நூற்றாண்டுக் கிராமத்தில் ஒரு தாயின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வயதும் ஒரே தாளில் கிடைக்கும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். தேடுகிறவர்கள் பெண் பெயர் கண்டவுடன் "நம்ம ஆள் இல்லை" என்று தாண்டிப்போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

ஜீவனாம்சப் பத்திரம் கிடைத்தால் பிள்ளையில்லாத விதவையோ, ஒதுக்கிவைத்த மூத்த தாரமோ தெரியவரும். பாகப்பிரிவினையில் பங்குகள் சமமாக இல்லாமல் இரண்டு கூறாக இருந்தால் இரண்டு தாரத்துப் பிள்ளைகளா என்று பாருங்கள். சுவீகாரப் பத்திரம் வந்தால் வம்சக்கொடியில் இரண்டு கோடுகள் போட வேண்டும், பெற்ற வீட்டுக்கு ஒன்று, வந்த வீட்டுக்கு ஒன்று. ஸ்ரீதனமாகக் கொடுத்த நிலம் பெண் பிறந்த ஊரில் இருக்கும்; புருஷன் ஊரில் தேடினால் கிடைக்காது. அம்மா வழி மாமன் குடும்பத்தை அந்த ஊரின் செக்குபந்தி காட்டிக்கொடுக்கும். வழக்கு நடந்த குடும்பமானால் முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பில் வம்சாவளியே போட்டிருப்பார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் ஏற்பட்டது. அதுவரை போன வழக்கானால் 1876 முதல் அச்சான தீர்ப்புத் தொகுதிகளில் இருக்க வாய்ப்புண்டு.

காகிதம் காட்டும் வாழ்க்கை

நஞ்சையா புஞ்சையா, எந்தப் பாசனம், என்ன தரம், எவ்வளவு தீர்வை என்ற நான்கு கலங்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்பது தெரியும். பெரும்பாலான பட்டாக்கள் வருஷத்துக்கு 10 ரூபாய்க்கும் குறைந்த தீர்வை கட்டியவை. அந்தத் தீர்வையை ரொக்கமாக, தவணை தவணையாகக் கட்ட வேண்டும். கம்பும் சோளமும் அறுத்தவுடன் விலை விழுந்திருக்கும் நேரத்தில் விற்றோ, வட்டிக்கு வாங்கியோ கிஸ்து கட்டினார்கள். கட்டாதவர்களை என்ன செய்தார்கள் என்பதை 1855-ல் வெளியான சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை பதிந்திருக்கிறது. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் இரண்டும் வரிவசூலில் வழக்கமாக இருந்தன. ஓட்டனின் அப்பா காலத்தில் ஒரு நிலம் சட்டென்று கைமாறியிருந்தால் அதை வெறும் விற்பனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

பசலி 1286, 1287 இரண்டையும் தனியாகக் கவனியுங்கள். தாது வருஷப் பஞ்சம். பஞ்சம் தாக்கிய ஜில்லாக்களில் 1876 முதல் 1879 வரையான பத்திரப் புத்தகத்தில் போக்கியமும் (அடமானம்) கிரயமும் அடுக்கடுக்காக வரும். கிஸ்து கட்ட வழியில்லாமல் நிலத்தையே அரசிடம் விட்டுவிடுவது ராஜிநாமா. பிறகு மழை பெய்தபின் வேறொருவர் அதே நிலத்துக்குத் தர்காஸ்து (விண்ணப்பம்) போட்டு எடுப்பார். சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871-ல் ஏறத்தாழ 19.7 லட்சம், 1881-ல் 16 லட்சம். ஒரு குடும்பத்தின் தொடர்ச்சி இந்த இடைவெளியில் முறிந்தால், காகிதம் தொலைந்ததாக நினைக்க வேண்டாம். செத்தவர்களும் கப்பல் ஏறியவர்களும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள்.

நிலம் இல்லாதவர்கள்

உழைத்தவர்களில் பெரும்பகுதி பண்ணையாள், படியாள். அவர்கள் பெயரில் பட்டா இல்லை. சேரிநத்தம்கூட மிராசுதாரர் பாத்தியம் என்று வாதாடிய காலம் அது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பதிவேட்டில் "டி.சி. நிலம்" (டிப்ரஸ்டு கிளாஸ் நிலம்) என்று நிபந்தனைக் குறிப்போடு இருப்பது இதுதான், இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். தலித் குடும்பத்தின் முதல் ஆவணம் பல ஊர்களில் இந்த ஒதுக்கீட்டுக் கோப்பாகவே இருக்கும். இன்று அந்த நிலம் வேறு கையில் இருந்தாலும் கோப்பில் முதல் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவைப்பது வரலாற்றுக்கு மட்டும் பயன்படும் காரியம் அல்ல.

கடல் கடந்தவர்களைப் பற்றி, ஊரில் தங்கியவர்களைப் பற்றி இருப்பதைவிட அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டிரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் இருக்கிறது. மொரீஷியஸுக்கு 1834 முதல் போனவர்களின் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே அச்சில் உள்ள பெயரை உரக்கப் படித்துக் காதால் பிடிக்க வேண்டும். ழகரம் லகரமாகியிருக்கும், கடைசி னகரம் விழுந்திருக்கும். வயது இருபது, இருபத்தைந்து, முப்பது என்று குவிந்திருப்பதைக் கண்டால் அது குத்துமதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இந்த வசதி இல்லை. கங்காணி தன் ஊர்க்காரர்களையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு தொண்டி, தேவிப்பட்டினம் வழியாகத் தோணியேறி மன்னாரில் இறங்கி நடத்திக் கூட்டிப்போனார். தலைக்கு ஒரு தகரத் துண்டு கொடுத்து அனுப்பும் முறை 1901-க்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முந்தையவர்களைக் கங்காணியின் ஊரை வைத்துத்தான் பிடிக்க முடியும். கங்காணி எந்த ஊரோ, அநேகமாக ஆட்களும் அதே ஊர், அல்லது பக்கத்து ஊர்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோவில் புத்தகம் இருக்கிறது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் தேதியோடு. கத்தோலிக்கப் பங்குகளில் பெரும்பாலும் லத்தீனில் எழுதியிருப்பார்கள். ஊரில் ராயப்பன் என்று அழைத்தவர் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சவரிமுத்து சவேரியார் பெயரில் இருப்பார். தமிழ்ப் பெயரைத் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்பிவிடக் கூடாது.

ஒரே பெயர், இரண்டு ஆள்

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். கருப்பண்ணன் மகன் பெரியசாமி, பெரியசாமி மகன் கருப்பண்ணன், அவர் மகன் மறுபடி பெரியசாமி. 1868 பத்திரத்துக் கருப்பண்ணனையும் 1904 பத்திரத்துக் கருப்பண்ணனையும் ஒருவராக்கினால் வம்சத்தில் இரண்டு தலைமுறை காணாமல் போகும். போதாததற்கு, மூன்று பங்காளிகளும் தங்கள் மூத்த மகனுக்கு அதே தாத்தா பெயரை வைத்திருப்பார்கள். பெயரும் அப்பா பெயரும் ஒத்துப்போவது போதாது. சர்வே எண், செக்குபந்தியில் வரும் ஒரு பெயர், கையெழுத்து அல்லது கீறல், சாட்சி போட்டவர் என்ற நான்கில் குறைந்தது இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒரு பத்திரத்தில் எழுத்துத் தெரியாமல் கீறல் போட்டவர் அடுத்த பத்திரத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர்கள் பெரும்பாலும் இருவர்.

குலதெய்வக் கோவில் வரிக் கணக்கு இங்கே கைகொடுக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி அல்லது தலைக்கட்டு. திருவிழாவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வசூலித்த நோட்டு பழைய தர்மகர்த்தா வீட்டில் இருக்கும். அதில் ஒருவர் எந்த வருஷம் புதிதாக ஏறுகிறார், எந்த வருஷம் பெயர் நிற்கிறது என்று பார்த்தால் கல்யாணமும் சாவும் ஓரிரு வருஷ வித்தியாசத்துக்குள் தெரிந்துவிடும். ஒரே பெயர் இருவர் இருந்தால் "பெரிய வீட்டு", "மேலத்தெரு", "கிணத்துக்காட்டு" என்று அடைமொழி போட்டிருப்பார்கள். பத்திரத்தில் இல்லாத அந்த அடைமொழியை வயதானவர்களிடம் சொன்னால், "அவரா, அவர் நம்ம மூத்த பாகத்துப் பூட்டன்ல" என்று உடனே அடையாளம் சொல்வார்கள்.

வீட்டில் ஓலையோ பழைய முத்திரைத்தாளோ கிடைத்தால் எண்ணெய், மஞ்சள் எதையும் தடவ வேண்டாம், லேமினேஷன் செய்யவே வேண்டாம். மடிப்பில் ஒட்டியிருந்தால் இழுக்காமல், அப்படியே நிழலான இடத்தில் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுங்கள். ஓலையில் மை ஏறாத கீறல்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். பிறகு அமிலமில்லாத தாளில் சுற்றி, எந்த ஊர், யார் வீட்டில், எந்தப் பெட்டியில் கிடைத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.